வேலிக்கு அப்பால் அவிந்த சூடை

பூனைக்குப் பச்சை மீன்தான் இயற்கை உணவு என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் மிம்மிக்குச் சோறும் ஆணமும் பிசைந்து கொடுப்பதை நிறுத்தினேன். காலையில் சூடை மீனைக் கழுவி வைத்தால், கவ்விக்கொண்டு வேலிக்குள் நுழைந்துவிடும். மறைவில் போய்த் தின்கிறது என்று பெருமைப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டு ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், வேலிக்கு அப்பால் மீன் அவியும் வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் மீன் மச்சம் தொடாத பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா, நெற்றியில் திருநீறோடு, முற்றத்து மூலையில் மூன்று கல் வைத்து, பழைய பால்மா டின்னில் என் சூடையை அவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிம்மி காத்திருந்தது.

"அக்கா, இண்டைக்கு உங்களுக்கு விரதம்தானே?"

"ஓம் தங்கச்சி. பூனைக்கு என்ன விரதம்? நாளும் மீனைக் கொண்டுவந்து என்ட காலடியில போட்டுட்டுக் கத்துது. பச்சையாத் தின்னுதில்ல, பாவம். உங்கட மனம் நோகுமெண்டுதான் சொல்லல்ல."

சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு முள்ளெடுத்தார்.

இப்போது நானே அவித்துப் போடுகிறேன். மிம்மி வயிறு நிறையத் தின்றுவிட்டு, வேலிக்கு அப்பால் போய் அவர் காலடியில் படுத்துக்கொள்கிறது. நான் கூப்பிடுவதில்லை.