செல்வி ஏறிய அடையாறு பஸ்

காலுக்குக் காலிப்பர் என்னும் இரும்புத் தாங்கி அணிந்த மகளை மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு பஸ்ஸில் அழைத்துப் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் நானே அப்படி ஒரு குழந்தையோடு போயிருக்கிறேன்.

அப்போது மயிலாப்பூர் கடலோரக் குப்பத்தில் நான் பால்வாடி டீச்சர். செல்விக்கு நாலு வயது. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பியிருந்தது. அவள் அம்மா காசியம்மா மீன் விற்பவர். தினமும் மகளை இடுப்பில் சுமந்துவந்து என்னிடம் விட்டுப் போவார். அடையாறில் ஒரு கிளினிக்கில் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் இலவசமாகச் செய்து தருகிறார்கள் என்று சொன்னேன். பல வைத்தியர்களிடம் அலைந்து அலுத்தவர், மசியவில்லை.

"என் உசிரு கீற வரைக்கும் நான் தூக்கிக்கினு போவேன் டீச்சர்."

"அதுக்கப்புறம்?" என்றேன்.

மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் வியாபாரத்துக்குப் போகாமல், செல்விக்குத் தலை வாரிப் பூ வைத்துக் கூட்டி வந்து நின்றார்.

கோயில் குளத்தருகே பஸ் ஏறினோம். மந்தைவெளி தாண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அடையாறு. ஐந்து கிலோமீட்டர்தான். அன்று அளவெடுத்தார்கள். பூட்ஸ் வந்தபின் வாராவாரம் நடைப் பயிற்சி. அதன் தோல் வார் உரசித் தொடை புண்ணாகும், செல்வி அழுவாள். பார்க்க முடியாமல் காசியம்மா வாசலுக்குப் போய்விடுவார். ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், அடையாறு நிறுத்தத்தில் பஸ் வந்ததும் காசியம்மா மகளைத் தூக்கக் குனிந்தார். செல்வி கையைத் தட்டிவிட்டாள். பஸ் வாசல் கம்பியைப் பிடித்து நல்ல காலைப் படியில் வைத்தாள். இரும்புக் காலை இழுத்துப் படியில் ஏற்ற முடியவில்லை. பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"ஏறட்டும்பா. அது ஏறாம விசில் குடுக்க மாட்டேன்" என்றார் கண்டக்டர்.

மூன்றாவது முயற்சியில் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கைக்காரம்மா யார் குழந்தை என்று கேட்டார்.

"என் பொண்ணு. வர்ற வருசம் இஸ்கோலுக்குப் போவுது" என்றார் காசியம்மா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. பள்ளிக்கூடம் என்ற பேச்சை அதுவரை அவர் எடுத்ததே இல்லை.

சொன்னபடியே சேர்த்தார். செல்வி நடந்தே போனாள்.

இன்று நம் நாட்டில் இளம்பிள்ளை வாதம் பிடித்துப் புதிதாக ஒரு குழந்தையும் முடங்குவதில்லை. அதற்காகச் சொட்டு மருந்து கொடுத்து உழைத்த கூட்டத்தில் நானும் ஓர் ஓரமாக நின்றேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

வாசகிக்கு: ஆபீஸ் நேரத்தைத் தவிருங்கள். வாருக்கு அடியில் பருத்தித் துணி சுற்றுங்கள். பஸ் வந்ததும் அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். பின்னால் நில்லுங்கள், அவளே ஏறட்டும்.