நடிகர் வீட்டு மாலா

துன்ஹிந்த அருவிக்குப் போனதைப் பற்றி எழுதியபோது, பஸ் நேரத்தையும் செலவையும் சரியாகப் போட்டதற்காகச் சிலர் நன்றி சொல்லியிருந்தீர்கள். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். ஆனால் இந்த முறை எங்கள் தோட்டத்தின் பேரைப் போடவில்லை. நான் பார்க்கப் போன நடிகரின் பேரும் இதில் இருக்காது. எல்லாரும் தூங்கிய பிறகு அப்பாவின் போனைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமினால் நிறுத்துகிறேன், இருமல் அடங்கியதும் மறுபடி ஆரம்பிக்கிறேன். அதனால் முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணம் இதுதான். எங்கள் வீடு நமுனுகுல மலைப்பக்கம், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்தில். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கிறார். அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். எனக்கு இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை. பதுளையில் நாங்கள் தீபாவளிக்கு உடுப்பு வாங்கும் ஜவுளிக்கடையின் முதலாளியம்மா அப்பாவிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். கொழும்பில் அந்த நடிகரின் வீட்டுக்கு உதவிக்கு ஒரு நல்ல பிள்ளை வேண்டுமாம்.

அவர் டிவியில் வந்தால் எங்கள் லயத்தில் அடுப்பில் இருக்கும் கறி அடிப்பிடித்துவிடும். அவருடைய வசனத்தை அவரைப் போலவே மூக்கைச் சுருக்கி அக்கா பேசிக் காட்டுவாள். ஆகவே அவளுக்கு இது வேலையாகவே தெரியவில்லை. அவர் வீட்டிலேயே இருக்கப்போகிறோம் என்பதுதான் தெரிந்தது. அப்பா ஃபேக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும்தான் சந்தேகம். கொழும்பில் இல்லாத பிள்ளைகளா? இவ்வளவு தூரம் மலை ஏறி வந்து ஏன் தேட வேண்டும்? முன்னால் இருந்த பிள்ளை எங்கே என்று கேட்டேன். கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டதாக முதலாளியம்மா சொன்னாராம். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டதற்கு, "நீ என்ன போலீஸா?" என்றார் அப்பா.

போன சனிக்கிழமை அந்த நடிகரைப் பதுளைக் கடைக்காரர்கள் சிலர் அழைத்துப் பாராட்டுவதாக இருந்தது. அவருடைய மனைவியும் வருவதால் அக்காவை ஒரு தடவை பார்த்துவிடட்டும், திங்கட்கிழமை வேன் அனுப்புகிறோம் என்று முதலாளியம்மா சொல்லியனுப்பினார். திங்களன்று மகளை வழியனுப்ப அப்பா அரைநாள் லீவு எடுத்திருந்ததால் சனிக்கிழமைக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்குத் துணையாக என்னை அனுப்பினார். பள்ளிக்கூட உடுப்பிலேயே போகச் சொன்னார். அப்படிப் போனால் யாரும் வம்புக்கு வரமாட்டார்களாம்.

இனி வழி. எங்கள் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இறக்கம். காலையில் பனி இருக்கும், செருப்பு வழுக்கும். 6.20 பஸ்ஸைப் பிடித்தால் பசறை வழியாகப் பதுளைக்கு எட்டு மணி தாண்டிப் போய்ச் சேரலாம். சுமார் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் அதிகம். ஆளுக்கு நூற்று முப்பது ரூபாய் எடுத்தார்கள். மாற்றிய காசாக வைத்திருங்கள். நாங்கள் ஆயிரம் ரூபாய்த் தாள் நீட்டியதற்கு கண்டக்டர் அண்ணன், "காலையிலேயே பேங்க் தொறந்தாச்சா தங்கச்சி?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். மீதியைப் பதுளையில் இறங்கும்போதுதான் தந்தார். தரமாட்டாரோ என்று வழியெல்லாம் அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாந்தி வரும் ஆட்கள் முன் சீட்டில் உட்காருங்கள்.

பதுளை எங்கள் மலையைவிடச் சூடு. ஸ்வெட்டரைக் கழற்றி வைக்க ஒரு பை கொண்டு போங்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடையில் இரண்டு உளுந்து வடையும் பிளேன்டீயும் சாப்பிட்டோம். மண்டபத்துக்கு அங்கிருந்து பத்து நிமிட நடை. ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், தூரம் என்று சத்தியம் செய்தார். அவரை நம்பவில்லை. நடந்துதான் போனோம்.

மண்டபம் நிறைந்திருந்தது. பத்து மணிக் கூட்டம் பத்தே முக்காலுக்குத்தான் தொடங்கியது. மாலையும் பொன்னாடையும் முடிந்து நடிகர் பேச எழுந்ததும் எனக்கே சந்தேகம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. அவ்வளவு நன்றாகப் பேசினார். முதன்முதலில் நாடகத்தில் கிடைத்த வேஷம் பிணமாம். பாடையில் படுத்திருந்தவருக்கு ஊதுபத்திப் புகையில் தும்மல் வந்துவிட்டதாம். சனம் கைதட்டிய தட்டில் டைரக்டர் அடுத்த ஊரிலும் தும்மச் சொன்னாராம். விருது வாங்கப் போன இடத்தில் சுவரில் பல்லியைப் பார்த்து மேடையிலேயே ஏறமாட்டேன் என்று நின்றாராம். எந்த ஊருக்குப் போனாலும் தன் தலையணையைக் கையோடு கொண்டுபோவாராம். ஒருமுறை தலையணையை பஸ்ஸில் விட்டுவிட்டு, மூன்று நாள் தூங்காமல் நடித்த சோகக் காட்சியைத்தான் எல்லாரும் இன்றும் புகழ்கிறார்களாம். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

பிறகு வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரவு இரண்டு மணிக்கு அவருக்கு முழிப்பு வந்துவிடுமாம், அப்போது ஒரு பிளேன்டீ குடித்தே ஆகவேண்டுமாம். ராஜா வேஷம் போட்ட ஒரு நாடகத்தின் வெண்கல மணி தலைமாட்டில் இருக்கிறதாம். அதை ஆட்டினால் மூன்று நிமிஷத்தில் தேநீர் வந்துவிடுமாம். "இந்த டைமிங் எனக்கே மேடையில வந்ததில்ல" என்றார். மண்டபம் சிரித்தது. யார் கொண்டுவருவார் என்று அவர் சொல்லவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்தது இது. அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "எனக்கு நாப்பது வருஷத்து வசனம் அப்படியே ஞாபகம் இருக்கு. மனுசர் பேருதான் நிக்காது. எங்க வீட்டு முதல் நாய் டைகர். அது செத்ததும் வந்ததும் டைகர். இப்ப இருக்கிறதும் டைகர். வீட்டுக்கு வேலைக்கு வார பிள்ளையும் அப்படித்தான். எது வந்தாலும் மாலா. நாலு மாலா ஆச்சு. போன மாசம் ஒருநாள் ரெண்டு மணிக்கு மணி ஆட்டுறேன், ஆட்டுறேன், தேத்தண்ணி வரல்ல. எழும்பிப் பார்த்தா, மாலா வீட்டுலயே இல்ல. அன்னைக்குத்தான் எங்க வீட்டுல சீனி எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது."

அப்படிச் சிரித்த ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த ஆள் என் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு அப்பா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணம் கட்டிக்கொண்டு போகிற பிள்ளை நடுராத்திரியிலா போகும்?

கடைசியில் மாணவர்கள் கேள்வி கேட்கலாம் என்று மைக்கை அனுப்பினார்கள். நான் கை தூக்கவில்லை. பள்ளிக்கூட உடுப்பைப் பார்த்து ஒருவர் என் கையில் மைக்கைத் திணித்துவிட்டார். எழுந்து நின்றேன். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, கடைசியா இருந்த மாலாவோட சொந்தப் பேரு என்னங்க?"

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர் போலத்தான் யோசித்தார். நெற்றியைத் தட்டிப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த மனைவியிடம் கையால் கேட்டார். அந்த அம்மா தெரியாது என்று தலையை ஆட்டினார். "பார்த்தீங்களா, வீட்டுல எல்லாருக்கும் இந்த வியாதிதான்" என்றார். மறுபடி சிரிப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அதில் கோபம் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் முதலாளியம்மா எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். நடிகரின் மனைவி அன்பாகத்தான் பேசினார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு கேக் துண்டு கொடுத்தார். அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சமைக்கத் தெரியுமா என்று கேட்பார் என்று நினைத்தேன். "படுத்தா தூக்கம் கனமா, லேசா?" என்றுதான் கேட்டார்.

"லேசுதாங்க" என்றாள் அக்கா. பொய். அவளை எழுப்ப நான் கம்பளியை உருவ வேண்டும்.

பேர் கேட்டார். அக்கா சொன்னாள். அதை நான் இங்கே எழுத முடியாது. "நல்ல பேரு. ஆனா இவருக்கு நிக்காது, மாலான்னே இருக்கட்டும்" என்றார். பிறகு முதலாளியம்மாவிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, மேசையில் குவிந்திருந்த பொன்னாடைகளைக் காட்டி, "மாலா, இதையெல்லாம் வேன்ல வச்சிட்டு வா" என்றார். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது திரும்பினாள். பொன்னாடைகளை அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

அவள் வெளியே போயிருந்த நேரத்தில் நடிகர் உள்ளே வந்தார். என்னைக் கண்டுபிடித்து, "கேள்வி கேட்ட பிள்ளை" என்று சிரித்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, முன்னால் இருந்த பிள்ளைக்குக் கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்று கேட்டேன். "கல்யாணமா? யாருக்கு?" என்று மனைவியைப் பார்த்தார். உண்மையாகவே தெரியாத முகம்தான். அவர் நடிகர், அதனால் அதையும் நிச்சயமாகச் சொல்லமாட்டேன். முதலாளியம்மா கேக் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நடிகரின் மனைவி மட்டும், "இந்தப் பிள்ளை கனக்கக் கேக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்ப 2.10 பஸ். சனிக்கிழமைகளில் கடைத்தெரு வேலை முடிந்து வரும் ஆட்கள் ஏறுவதால் அரைமணி முன்னாலேயே போய் இடம் பிடியுங்கள். பசறை வரும்வரை அக்கா ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு மணிக்கு மணி அடிப்பாராமே" என்றாள்.

"நீ சிரிச்சியே."

"எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்." பிறகு இறங்கும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்பா கேட்டதற்கு, கேக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. அக்காவின் பை வாசலில் தயாராக இருந்தது, ஆனால் அவள் இல்லை. விடியும் முன்னே எழுந்து, அம்மாவோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், நாள் கூலிக்குக் கொழுந்தெடுக்கப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிவிட்டாள். இந்த வேலை மட்டும் செய்யமாட்டேன் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அம்மாவுக்கு முதலே தெரியுமா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அப்பா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் இறங்கி, வெறும் வண்டியோடு போனால் நடிகர் வீட்டு அம்மா ஏசுவார் என்றார். பிறகு, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"சின்னது இருக்கே."

அப்பா வாசலில் இருந்த அக்காவின் பையைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்கமாட்டேன். "அது படிக்குது" என்றார். டிரைவர் கதவைச் சாத்தும்போது, "பரீட்சை முடியட்டும், பாப்போம்" என்றும் சொன்னார்.

எப்போது முடிகிறது என்று டிரைவர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். உண்மையான மாதத்துக்கு இரண்டு மாதம் தள்ளிச் சொன்னேன்.

சாயந்தரம் அக்கா வந்தாள். கையெல்லாம் கீறல், காலில் அட்டை கடித்த இரத்தம். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். எந்த மாதம் என்று சொன்னாய் எனக் கேட்டாள். சொன்னதும் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் என் பாடப் புத்தகத்தை எடுத்து, துடைக்காத ஈரக் கையோடு என் மடியில் வைத்தாள். இன்றைக்கும் மலைக்குப் போனாள். அப்பா எங்கள் இரண்டு பேரோடும் பேசுவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஃபேக்டரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார், அதுதான்.

நடிகரும் கெட்டவராக எனக்குத் தெரியவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. பல்லிக்குப் பயப்படுகிறவர், தலையணை இல்லாமல் தூங்காதவர், ஒரு பிள்ளை நடு இரவில் எங்கே போனது என்று தேடாமல் சீனிப் போத்தலைத் தேடியிருக்கிறார். அதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். பதுளைக்கு இந்த வழியில் வந்தால் போக வர பஸ்ஸுக்கு ஆளுக்கு இருநூற்று அறுபது ரூபாய், குடை, ஒரு போத்தல் தண்ணீர் போதும். எங்கேயாவது ஒரு வீட்டில் உங்கள் அக்காவையோ தங்கச்சியையோ வேலைக்குக் கேட்டால், முன்னால் இருந்த பிள்ளையின் பேரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். அந்தப் பிள்ளையோடு பேசிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பையைக் கட்டாதீர்கள்.

அந்த வீட்டில் மாலாவாக இருந்த நான்கு பேரில் யாராவது இதை வாசித்தால் உங்களுக்கே தெரியும், நான் யார் வீட்டைச் சொல்கிறேன் என்று. எங்கே இருக்கிறீர்கள் என்று எழுத வேண்டாம். நன்றாக இருக்கிறீர்களா என்று மட்டும் கீழே ஒரு வரி போடுங்கள். உங்கள் சொந்தப் பேரில் போடுங்கள். அப்பா தூங்கியதும் தினமும் வந்து பார்க்கிறேன்.