உபயமா, வாடகையா என்று கேட்டவள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரே ஒரு புனல் ஒலிபெருக்கியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பியவன், இன்று திண்டிவனத்தில் மூன்று லாரிச் சாமான் வைத்து சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். யாரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. அதனால் ‘சும்மா உதவுகிறேன்’ என்று வருகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. பிரபாவதியையும் அப்படித்தான் பார்த்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு ஒரு மேசை. கூத்து, மேளம், பொம்மலாட்டம் ஆகியவற்றுக்கு எந்த அறக்கட்டளை பணம் கொடுக்கிறது, என்ன நிபந்தனை, கடைசித் தேதி என்ன என்று தேடித் தேடி எழுதி வைத்திருப்பாள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். விண்ணப்பமும் எழுதித் தருவாள். ஜெராக்ஸ் செலவு மட்டும்தான் வாங்குவாள். இந்தக் காலத்தில் இலவசமாகவா? எனக்கு உறுத்தியது.

ஒரு திங்கட்கிழமை என் குடோனுக்கு வந்தாள்.

“கிளியனூரு கோயில் திருவிழாவோட பழைய நோட்டீஸெல்லாம் நீங்க சேத்து வெச்சிருக்கீங்களாமே, பெரியவரே.”

“உனக்கு எதுக்கு அது? இன்கம்டாக்ஸா நீ?”

“இன்கம்டாக்ஸ்காரங்க டவுன் பஸ்லயா வருவாங்க?”

விஷயம் இதுதான். கிளியனூர் கூத்துக் குழு பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்க, சென்னை அறக்கட்டளை ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறது. ஊர்க்காரர்கள் தங்கள் பங்காக என்ன செய்தார்கள் என்பதற்கு மூன்று வருட ஆதாரம் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு, காணையில் எனக்குத் தெரிந்த பந்தல்காரருக்குப் போன் போட்டேன். அது அவள் பிறந்த ஊர். கரும்பு போடுகிற குடும்பம். அவள் தாய்மாமன் கூத்துக் குழு வைத்திருந்தாராம். ஒரு தரகன் ஆடாத ஊரெல்லாம் ஆடியதாக விண்ணப்பம் எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். பணம் கொடுக்கிறவர்கள் நேரில் வந்து கண்டுபிடித்தார்கள். பொய்க்காரர் என்ற பெயர் மாமனுக்கு. அதற்குப் பிறகு அவர் சலங்கை கட்டவே இல்லை. அப்போது விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த இவள், அந்த வேலையை விட்டுவிட்டு இந்த மேசையைப் போட்டாளாம்.

சோகக் கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். மறுநாள் நோட்டீஸ் கட்டைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொன்றாய்ப் புரட்டியவள், தலையைத் தூக்காமல் கேட்டாள்:

“மூணு வருஷமும் ‘ஒலி ஒளி உபயம் மாரியப்பன்’னு போட்டிருக்குது. உபயமா, வாடகையா?”

“அச்சுல இருக்குதே, அப்புறம் இன்னா கேள்வி?”

“கோயில் கமிட்டி வேங்கடேசன் வாடகை குடுத்தோம்னு சொல்றாரு.”

“என்னையே விசாரிச்சிக்கினு வர்றியா நீ?”

“நீங்க காணை வரைக்கும் போன் போட்டீங்க. நான் கிளியனூரு வரைக்கும்தான் போனேன்.”

எங்கள் தொழிலில் இது வழக்கம். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால், மரியாதைக்கு உபயம் என்று போட்டுவிடுவார்கள். யாரும் கேட்டதில்லை. ஆனால் என் பெயரை எடுத்துவிட்டால் விண்ணப்பத்தில் ஊர்ப் பங்கு என்று காட்டப் பெரிதாக ஒன்றுமில்லை.

“அப்படியே எழுதிக்கினு போயேன். யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“எங்க மாமாகிட்டயும் இதையேதான் சொன்னாங்க.” நோட்டீஸ் கட்டை மூடினாள். பிறகு, “கூத்துக்காரங்க திருவிழா பத்து நாளும் எங்க சாப்பிட்டாங்க?” என்றாள்.

“கெங்கம்மாள்னு ஒரு அம்மா இருக்குது, அது வூட்டுத் தெருவுல. பொம்பளைங்க முறை வெச்சு ஆக்கிப் போடுவாங்க.”

“ஒரு நோட்டீஸ்லயும் அவங்க பேரு இல்லையே.”

ஆக்கிப் போட்ட சோற்றை எவன் அச்சடிப்பான்? ஆனால் அதுவும் ஊர்ப் பங்குதான், அந்த வீடுகளில் கையெழுத்து வாங்கினால் போதும் என்றாள். புதன்கிழமை கிளியனூருக்கு நானும் கூடவே போனேன். உதவிக்கு இல்லை, கண்காணிக்க.

கெங்கம்மாள் காகிதத்தைத் தொடவே மாட்டேன் என்றாள். “சோறு போட்டதுக்கெல்லாமா கையெழுத்து? நெலத்தை எழுதி வாங்கிக்கினு போயிடுவா. பேஜாரு புடிச்ச வேலை!” தெருவே கூடிவிட்டது. பிரபாவதி மூன்று தடவை படித்துக் காட்டினாள். ஒருத்தியும் அசையவில்லை.

“நீ கில்லாடியாச்சே மாரியப்பா, எவங்கிட்டயும் ஏமாற மாட்டியே. நீ மொதல்ல போடு, பாக்கலாம்” என்றாள் கெங்கம்மாள்.

என் பங்கு எழுதியிருந்த தாளை எடுத்தாள் பிரபாவதி. ‘ஒலி ஒளி: வாடகைக்கு’ என்று இருந்தது. அந்தத் தெருவில் ஒவ்வொரு வருடமும் மைக்கில் என்னை வள்ளல் என்றுதான் அழைப்பார்கள். பேனாவைக் கேட்டு வாங்கினேன். பிறகு, “நான் வாடகை வாங்கினவன்தான். எல்லாரும் கேட்டுக்குங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

“அட, இத்தினி வருஷம் ஓசியில பாட்டு போட்டதாத்தான் நெனைச்சோம்!” என்று ஒருத்தி சிரித்தாள். கெங்கம்மாள் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் போட்டார்கள்.

அடுத்த மாதம் அறக்கட்டளையிலிருந்து எனக்குப் போன் வந்தது. நீ யார், ஆபீஸ் எங்கே, மேலதிகாரி யார் என்று அந்த ஆளைக் குடைந்தெடுத்த பிறகுதான் பதில் சொன்னேன்: “வாடகை வாங்கினேன். சோறு போட்டது அந்தத் தெருப் பொம்பளைங்க.” விண்ணப்பத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றார். இருக்காதா பின்னே, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்ததாயிற்றே.

பணம் கிடைத்தது. இப்போது கிளியனூரில் பதினான்கு பெண்பிள்ளைகள் ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். வகுப்பு நிஜமாகவே நடக்கிறதா என்று, மாதம் ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தலையை எண்ணிவிட்டு வருகிறேன். இரண்டு தடவை, எனக்கு முன்பே அங்கே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள் பிரபாவதி.