நீலப் பலகையை நம்பிய ஞாயிறு

எண்பதுகளின் இறுதியில் லண்டனுக்கு வந்து, ஸ்ட்ரெதமில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். ஞாயிறுகளில் பேச ஆளில்லாததால், பழைய சைக்கிளில் நல்ல பாதைகளைத் தேடித் திரிவேன்.

ஒருநாள் நகரைத் தாண்டியதும் நீல நிற வழிகாட்டிப் பலகை ஒன்றைக் கண்டேன். அகன்ற, நல்ல வீதி என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். லொறிகள் பறந்த வேகத்தில் சைக்கிள் தள்ளாடியது. இறங்கி, ஓரத்துப் புல்லில் நின்றேன்.

பொலிஸ்காரர் ஒருவர் வந்து என்னையும் சைக்கிளையும் பொலிஸ் வான் வண்டியில் ஏற்றினார்.

"நீலப் பலகை இருந்தால் அது மோட்டர்வே, வேக வாகனங்களுக்கு மட்டுமான வீதி. இங்கே சைக்கிள் ஓடக்கூடாது. நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று யாருக்காவது தெரியுமா?"

"ஒருவருக்கும் தெரியாது" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

அதன்பிறகு வரைபடத்தில் பாதையைப் பார்த்துவிட்டே புறப்படுவேன். அதுவரை நான் பேசியேயிராத, கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடமும் போகுமிடத்தைச் சொல்வேன்.

"ஓம், கவனமாப் போட்டு வாங்கோ. அஞ்சு மணிக்குள்ள வராட்டித் தேடுவன்" என்பார்.