ஆணியில் மாட்டாத கம்பு

ஜெராய் மலைச் சாலையில் குரூண் ஊர்ப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் பை, கையில் மூங்கில் கம்பு. மலையேறுபவர்கள் தங்கும் விடுதியில் எடுபிடியாக இருந்தேன். யாரும் துரத்தவில்லை. செய்ய வேலை இல்லை, அவ்வளவுதான். போகிறேன் என்று விடுதிக்கார அக்காவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். மத்தியானம் அவர் பின்னால் துணி எடுக்கப் போனபோது கிளம்பினேன். வாசலில் நின்று விடைபெறுவது எனக்கு வராது.

அந்த விடுதி முதலில் எஸ்டேட் துரை வெயிலுக்கு ஒதுங்கிய பங்களா. துரைமார் போன பிறகு அக்காவின் கணவர் அதற்குக் காவல்காரர். மலையேற வந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள். அக்கா தேநீர் கொடுத்தார், பிறகு சோறு, பிறகு பாய். சனிக்கிழமைகளில் வராந்தாவில்கூட இடம் இருக்காதாம். ஒருவர் காட்டில் வழி தவறி விடியும்வரை கிடந்த பிறகுதான் கம்பு வழக்கம் வந்தது. வாசல் சுவரில் ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்பு. ஏறுகிறவர் எடுத்துப் போக வேண்டும், திரும்பியதும் மாட்ட வேண்டும். பொழுது சாயும்போது ஓர் ஆணி காலியாக இருந்தால் யாரோ இன்னும் காட்டில் இருக்கிறார். கணவர் தேடிப் போவார். அவர் இறந்த பின் அக்கா போனார். முழங்கால் கெட்ட பிறகு, நான்.

இப்போது காரிலேயே உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். நடந்து ஏறுகிற சனிக்கிழமைக் கூட்டமும் தங்குவதில்லை.

பின்னால் சில பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருத்தி என் கையைப் பார்த்தாள்.

“அண்ணே, எங்க கம்பெல்லாம் மாட்டச் சொல்லி அக்கா புடுங்காத குறை. உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா?”

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் நின்றுவிட்டேன். அங்கே கைப்பேசிக்கு லைன் கிடையாது. மேலே மழைமேகம் கறுத்திருந்தது. திரும்பி ஏறினேன்.

காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் டார்ச் வெளிச்சம் அசைந்தது. அக்கா, கணவரின் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு மரத்தைப் பிடித்தபடி குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

“நான்தான்க்கா. பழக்கத்துல கம்ப எடுத்துட்டுப் போயிட்டேன்.”

டார்ச்சைக் கம்பின் மேல் அடித்தார், பிறகு என் முகத்தில்.

“யாரு பெத்த பிள்ளையோ மாட்டிக்கிச்சின்னு கத்திக்கிட்டிருக்கேன். நீ ஜாலான் ஜாலான்னு ஊர் சுத்திட்டு வர்றியா?”

டார்ச்சை வாங்கிக்கொண்டேன்.

“வா, சோறு இருக்கு. காணாமப் போனவனுக்கும் சேத்துத்தான் ஆக்கியிருக்கேன்லா.”

கம்பை மாட்டினேன். அக்கா வாசல் விளக்கை அணைத்தார். சாப்பிடும்போது அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

காலையில் வெறுங்கையோடு இறங்கினேன். குரூண் கடைத்தெருவில் லோரிக்காரர் ஒருவர் கூட வர ஒரு கெலிண்டான் ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெண்டாங் வயல்களுக்கு உர மூட்டை ஏற்றி இறக்க வேண்டும்.

“சனிக்கிழமையானா வர மாட்டேண்ணே,” என்றேன்.

“ஏன், மாமியார் வீட்டுல விருந்தா?”

“மலையில ஒரு வேல இருக்கு. கம்பு எண்ணணும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, ஏறு,” என்றார். மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.