நான் வெட்டிய வாக்கியம்

என் உடன்பிறந்த நானாவின் முஷ்டி டொக்டரின் மூக்கில் இறங்கியபோது காய்ந்த ஓலை மட்டை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது அடி வாயில். டொக்டர் ஆஸ்பத்திரி வாட்டுச் சுவரோடு சரிந்தார். நானா அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கினார்.

“ரெத்தம் பாயுமெண்டு ஏன்டா சொல்லல்ல? எங்கட வாப்பாவ மாடு அறுக்கிற மாதிரி அறுத்துப் போட்டிரிக்காய்.”

டொக்டர் சிங்களவர். நானாவின் தமிழ் அவருக்கு விளங்கவில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலில் வாப்பா வெளிறிக் கிடந்தார். முதல் நாள் சிறுநீரகக் கல் எடுத்த துளையில் செருகியிருந்த குழாய் வழியாக இரத்தம் கட்டி கட்டியாக வந்துகொண்டிருந்தது. பை இரண்டு தடவை நிரம்பிவிட்டது.

வாப்பாவைச் சம்மதிக்க வைத்தது நான். தோணிக்குள் துள்ளும் சுறாவை ஒரே அடியில் கொல்லும் மனிதர், ஊசிக்குப் பயந்து அந்தக் கல்லை வருடக்கணக்காகச் சுமந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மருத்துவபீடத்தில் என் ஆய்வே இணையத்தில் கிடக்கும் சிறுநீரகச் சத்திரசிகிச்சைக் காணொளிகளைத் தரம் பார்ப்பதுதான். முதுகைத் துளைத்து, துளையைப் பெருப்பித்து, உள்ளே கல்லை அடித்து நொறுக்குவதைச் சோறு தின்றுகொண்டே பார்ப்பேன். யார் செய்தது, படிமுறை தெளிவா, சிக்கல்களைக் காட்டினார்களா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவேன். ஆய்வுக் கட்டுரை என்றால், இடையில் எந்த நோயாளியைச் சொல்லாமல் விட்டார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அதிக புள்ளி வாங்கிய காணொளியை வாப்பாவுக்குப் போனில் காட்டினேன். பதினொரு நிமிடம். மெல்லிய இசை. ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

“இவ்வளவுதானா மகள்? கொடுவா மீனுக்குச் செதிள் எடுக்கவும் இதவிட நேரம் போகுமே.”

“ஓம் வாப்பா, இவ்வளவுதான்.”

சத்திரசிகிச்சையன்று காலை அந்த டொக்டர் படிவத்தோடு வந்தார். அவர் சிங்களத்தில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். சுற்றியிருந்த நோயாளிகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: கடுமையாக இரத்தம் போகலாம், சிறுநீரகத்தையே எடுக்க நேரலாம், அரிதாக உயிரும் போகலாம்.

“என்ன சொல்றாரு?” வாப்பாவின் கண்கள் என் வாயிலேயே இருந்தன.

“ஒண்டுமில்ல வாப்பா. கொஞ்சம் நோகுமாம்.”

வாப்பா பெருவிரலை மையில் தொட்டுப் படிவத்தில் அழுத்தினார்.

இப்போது நானா சேலைன் போத்தல் தொங்கிய இரும்புக் கம்பத்தைப் பிடுங்கினார். போத்தல் விழுந்து உருண்டது. கம்பம் டொக்டரின் தலைக்கு மேலே போனது.

“நானா, அவர் சொன்னவர்,” என்றேன். “எல்லாம் சொன்னவர். நான்தான் வாப்பாக்குச் சொல்லல்ல.”

கம்பம் அப்படியே நின்றது. பிறகு அது தரையில் விழுந்தது. அடுத்து என் கன்னத்தில் அறை விழுந்தது. பல் உட்சதையைக் கிழித்து வாய் நிறைய உப்புக் கரித்தது.

“இதுக்குத்தானாடி ஒன்னப் படிக்க வெச்சது?”

காவலாளிகள் இருவர் நானாவை இழுத்துப் போனார்கள். அவர் திமிறவில்லை.

மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு டொக்டர் இன்னொரு படிவத்தோடு வந்தார். உடனே திரும்பவும் தியேட்டருக்குள் கொண்டுபோக வேண்டும், பெரிய டொக்டர் காத்திருக்கிறார். நடந்ததை யாரோ அவருக்குச் சிங்களத்தில் சொல்லியிருந்தார்கள். “இந்தமுறை எல்லாவற்றையும் சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். ரெத்தம் நிற்காமல் போகலாம். கிட்னியை எடுக்க வரலாம். மௌத்தாகவும் கூடும்.

“நேத்தும் இதத்தான் சொன்னவரா?”

“ஓம் வாப்பா.”

“நான் ஓடிருவன் எண்டு நெனச்சியா?”

நான் மைப்பெட்டியைத் திறந்தேன்.

“ஓடித்தான் இருப்பன். இப்ப ஏலாதே. விரலப் புடி.”

பிடித்தேன். நேற்றைய மையே இன்னும் போகவில்லை.

தியேட்டர் வாசலில் வீங்கிய கன்னத்தோடு அந்தக் காணொளியைத் திரும்ப ஓடவிட்டேன். ஏழாவது நிமிடத்தில் படம் ஒருமுறை துள்ளியது. துள்ளலுக்கு முன் கையுறையின் விரல்நுனிகள் சிவப்பு. அடுத்த கணம் புதுக் கையுறை. இடையில் இருந்ததை வெட்டியிருந்தார்கள். என்னைப் போலவே. தெளிவுக்கு நான் கொடுத்திருந்த முழுப் புள்ளியை அழித்துப் பூச்சியம் போட்டேன்.

கதவு திறந்தது. பெரிய டொக்டர் வந்து இரத்தம் நின்றுவிட்டது என்றார். பிறகு இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார்.

வெளிவாசலில், காவலறையின் வாங்குப் பலகையில் நானா பொலிசுக்காகக் காத்திருந்தார். முஷ்டியில் தோல் உரிந்திருந்தது.

“ரெத்தம் நிண்டிட்டாம் நானா.” அவர் முகத்தைப் பொத்தினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து மற்றதையும் சொன்னேன்.

“ஆனா ஒரு கிழமைக்குள்ள திரும்பவும் பாயலாமாம்.”