விழத் தெரிந்தவர்

எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் இருக்கையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார் மூட்டை. சோபா, பெஞ்சு, பல் வைத்தியரின் சாய்வு நாற்காலி, எதுவானாலும் சரி. கை கொஞ்சம் உள்ளே போனால் முகம் மலரும். டொக்கென்று சத்தம் வந்தால், "இது நம்மளோட ஒத்துப்போகாது" என்று முணுமுணுத்துக்கொண்டே நுனியில் உட்காருவார். முப்பது வருஷமாகப் பலகைமேல் விழுந்து பிழைத்த உடம்பு அது.

மல்யுத்தக் காட்சி நடத்தும் கம்பெனி ஒன்றில் தோற்பதுதான் அவருக்கு வேலை. யார் ஜெயிப்பது என்பதை உடை மாற்றும் அறையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அடியில் பாதி நடிப்பு. விழுவது மட்டும் முழுக்க நிஜம். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தலைக்குமேல் தூக்கி எறிந்தால் பொத்தென்று விழுவார். கடைசி வரிசையில் இருப்பவர்கூடத் தன் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அப்படி ஒட்டிக்கொண்ட பேர்தான் மூட்டை. பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி.

குடும்ப விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவரைத் தூக்கி எறிந்தே பெரிய ஆளான 'சூறாவளி' வேறு யாருமில்லை, அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. கோதாவில் மாமனின் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதிப்பான். மறுநாள் அக்கா வீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொள்வான். உன் தம்பி இப்படிச் செய்யலாமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் அக்கா அலட்டிக்கொள்ள மாட்டார். "யார் ஜெயிச்சாலும் கப்பு நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்பார்.

கூரை ஒழுகிக் காட்சி நடக்கும் கூடத்தை மூடியதில் கம்பெனி மூன்று வருஷம் படுத்துவிட்டது. அந்த நாட்களில் மூட்டை ஒரு மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டினார். பீரோ, கட்டில், ஆளுயரக் கண்ணாடி எல்லாவற்றையும் குறுகலான மாடிப்படிகளில் பூப்போல ஏற்றுவார். பழைய தொழில் ஞாபகத்தில் எதையாவது போட்டு உடைத்துவிடப் போகிறீர்கள் என்று கடைக்காரர் முதல் நாளே கவலைப்பட்டாராம். "விழுறது நான் மட்டும்தாங்க. சாமான் விழாது" என்றார் இவர்.

கூரையைச் சரிசெய்ததும் முதலாளி ஆள் அனுப்பினார். மூன்று வருஷத்தில் மறந்துபோன ஜனங்களை மறுபடி வரவழைக்க வேண்டுமே. அதற்காக ஒரு கோணங்கிப் போட்டியை யோசித்து வைத்திருந்தார். ஜெயித்தவன் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தோற்றவன்தான் அடுத்த சுற்றில் ஆட வேண்டும். எட்டுப் பேர் நாலு பேராகி, நாலு பேர் இரண்டு பேராகி, கடைசி ஆட்டத்திலும் தோற்கிறவன் கம்பெனியை விட்டே போய்விட வேண்டும். திரும்பி வரக் கூடாது. "வெளியே போவது யார்?" என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்.

யார் என்பது மூட்டைக்கு அன்றைக்கே தெரியும். முதலாளி சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். வயசைப் பற்றிப் பேசினார், முழங்காலைப் பற்றி விசாரித்தார். சூறாவளியை முதல் இரண்டு சுற்றிலும் எதிரிகளின் சூழ்ச்சியால் தோற்பதுபோல் தோற்கவைத்துக் கடைசிவரை கொண்டுவந்தால் ஜனங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றார். முடிவில் அவன் கையாலேயே மூட்டைக்கு வழியனுப்பு. மூட்டை தலையாட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, நடுவில் ஒரே ஒரு ஆட்டம் நான் ஜெயிக்கலாமா என்று கேட்டார்.

"ஜெயிச்சா வீட்டுக்குப் போயிடணுமேப்பா. அப்புறம் கடைசி ஆட்டத்துக்கு யாரு?"

நியாயம்தான். மூட்டையே சிரித்துவிட்டார். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "ஒரு தடவை நீங்க ஜெயிச்சா அந்தக் கூரை மறுபடியும் ஒழுகிடுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

மூட்டையின் கவலை வேறு. சூறாவளி இதுவரை மற்றவர்களைத் தூக்கிப் போட்டிருக்கிறானே தவிர, தான் விழுந்ததில்லை. கையை ஊன்றிவிடாதே, முதுகைப் பரப்பிக் கொடு என்று சொல்லி, வீட்டு மெத்தையில் நாலு தடவை விழுந்து பார்க்கச் சொன்னார். அவன் அந்த மெத்தையிலேயே சாய்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டு, "விழுறதுக்குக்கூடவா மாமா பள்ளிக்கூடம்?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடம் நிரம்பி வழிந்தது. சுவரோரமெல்லாம் நின்றுகொண்டு பார்த்தார்கள். மூட்டை பேசி வைத்தபடி இரண்டு ஆட்டமும் தோற்றார். சூறாவளியும் தோற்றான், ஆனால் இரண்டாவது ஆட்டத்தில் விழும்போது வலது கையை ஊன்றிவிட்டான். திரைக்குப் பின்னால் நின்றிருந்த மூட்டைக்கு விழுந்த சத்தமே சொல்லிவிட்டது. வைத்தியரைக் கூப்பிடுவோம் என்றார். ஒன்றுமில்லை என்று அவன் சட்டையைப் போர்த்திக்கொண்டான்.

கடைசி ஆட்டத்துக்கு மணி அடித்ததும் இருவரும் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கோதாவில் ரகசியம் பேச அதுதான் இடம். வலது தோள் எழவே மாட்டேன் என்கிறது, தூக்க முடியாது என்றான் அவன். குரலில் அழுகை இருந்தது.

இதற்குள் கூடத்தில் ஒரு புதுமை நடந்துகொண்டிருந்தது. எங்கோ ஒருவர் ஆரம்பித்துவைக்க, வரிசை வரிசையாகக் காலால் தரையைத் தட்டி, "மூட்டை, மூட்டை" என்று கூவத் தொடங்கினார்கள். தோற்கிறவரின் பேரை அங்கே அதுவரை யாரும் கூவியதில்லை. அவருக்குக் காது அடைத்தது.

"மாமா, என்னைக் கீழ தள்ளி அமுக்கிடுங்க. நீங்க ஜெயிச்சிடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

உண்மைதான். அடிபட்டவனை அமுக்கிப் பிடித்திருந்தால் நடுவர் மூன்று எண்ணியிருப்பார். கூடமே எழுந்து நின்றிருக்கும். ஆனால் தோற்றவன் வெளியே போயாக வேண்டும். ஊரெல்லாம் ஒட்டிய வார்த்தையை முதலாளி விழுங்க மாட்டார். மச்சினனோ இன்னும் மேலே ஏற வேண்டியவன். இதை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. முதல் வரிசையில் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். இருவரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாத முகம்.

மூட்டை அவசரப்படவில்லை. தன் பேரைக் கூவும் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு சொன்னார்:

"பேசினதை மாத்தாத மாப்ள. இடது கையை என் இடுப்புல போட்டுட்டு அசையாம நில்லு. மத்தது என் வேலை."

எறிகிறவன்தான் தூக்குகிறான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பாதி பாரத்தை விழுகிறவர் தானே எம்பிக் கொடுப்பார். அன்றைக்கு மூட்டை முழுதையும் கொடுத்தார். வலிக்கிற முழங்கால்களை மடக்கி, மச்சினனின் தோளில் படாமல், இடுப்பில் கிடந்த கையை மட்டும் அச்சாக்கிக்கொண்டு எம்பினார். உடம்பு ஒரு கணம் அவன் தலைக்குமேல் கிடையாக நின்றது. பிறகு சரிந்தது. பலகைக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டம் ஓலமிட்டது. கூவிக்கொண்டிருந்த வாய்கள் திறந்தது திறந்தபடி நின்றன. சூறாவளி அவர்மேல் குறுக்கே சாய்ந்தான். நடுவர் மண்டியிட்டுத் தரையில் மூன்று தட்டினார்.

வழக்கம்போல மூட்டை கண்ணை மூடி, நாக்கை லேசாக வெளியே தள்ளி, மூர்ச்சையாகிக் கிடந்தார். அவர் கம்பெனியை விட்டுப் போவதை ஒலிபெருக்கி அறிவித்தது. ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள், யாருக்கென்று அவர்களுக்கே நிச்சயமில்லாமல். ஜெயித்தவன் கையை உயர்த்திக் காட்டுவதற்காக நடுவர் எழுந்து சூறாவளியின் வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

மூர்ச்சையானவரின் கை தரையோடு தரையாக ஊர்ந்து போய் நடுவரின் கணுக்காலைப் பற்றியது. மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் அவர் குனிந்தார்.

"அந்தக் கை வேணாம்" என்றார் மூட்டை, உதடு அசையாமல். "இடது."

நடுவர் தலையசைத்த பிறகே அந்த விரல்கள் கணுக்காலை விட்டுவிட்டு, மறுபடி நினைவிழந்து விரிந்தன.